கைட்ஸ் குழுவின் ஒரு வருடம்: பிள்ளைகளுக்கும் லீடர்களுக்கும் என்னென்ன செய்யலாம்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் 10 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கைட்ஸ் (பெண் சாரணர்) குழு தொடங்கியிருப்பதாகவும், கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் இருபது பேர் வரை கூடுவதாகவும், நீங்களும் உங்கள் தோழியும் மட்டுமே லீடர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். வருடம் முழுக்க என்ன நிகழ்ச்சிகள் வைக்கலாம், எந்தெந்த நாட்களைக் கொண்டாடலாம், லீடர்களுக்கென்று தனியாக ஏதாவது வேண்டுமா, வீட்டில் முகாமுக்கு விடமாட்டேன் என்கிறார்களே அதற்கு என்ன வழி என்பவை உங்கள் கேள்விகள். டர்பனில் பல வருடங்களாக இந்த வேலையில் இருப்பவள் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் போட்டிருக்கும் பட்டியலில் முடிச்சு, கோலம், கேக், நடனம், முதலுதவி, கடற்கரைத் துப்புரவு எல்லாம் இருக்கின்றன. ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அத்தனையையும் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறீர்கள். நான் முதலில் மாற்றச் சொல்வது அதைத்தான். பத்து வயதில் நாம் சொல்வதையெல்லாம் ஆசையோடு செய்யும் பிள்ளை பன்னிரண்டு வயதில் மெல்ல வராமல் நின்றுவிடும். நிகழ்ச்சி மோசம் என்பதால் நிற்பதில்லை. பள்ளியிலும் வீட்டிலும் டியூஷனிலும் பெரியவர்கள் சொன்னபடி நடந்துவிட்டு, இங்கே வந்தும் அதுதானா என்ற அலுப்பில் நிற்கிறது. என்ன செய்வது என்பதைவிட, அதை யார் தீர்மானிக்கிறார்கள், யார் நடத்துகிறார்கள் என்பதுதான் இந்த வயதில் முக்கியம்.

இந்த இயக்கம் உண்டானதே அப்படித்தான். 1909-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பையன்களுக்காக ஒரு சாரணர் பேரணி நடந்தபோது, யாரும் அழைக்காமலே சில பெண்பிள்ளைகள் வந்து நின்று, எங்களுக்கும் இது வேண்டும் என்றார்கள். அடுத்த வருடம், 1910-ல், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவலின் தங்கை ஆக்னஸை முன்னிறுத்திக் கைட்ஸ் இயக்கம் தொடங்கியது. தாமாகவே வந்து கேட்டு வாங்கிய பிள்ளைகளின் இயக்கத்தில், நாம் எல்லாவற்றையும் சமைத்துத் தட்டில் வைத்துக் கொடுப்பது பொருந்தாது.

அதனால் முதல் வேலை, அணிகள். இருபது பேரை நான்கு அணியாகப் பிரியுங்கள். ஒரே வகுப்புத் தோழிகளையும் அக்கா தங்கைகளையும் ஒரே அணியில் குவிக்க வேண்டாம். பத்து வயதும் பதினாலு வயதும் கலந்திருந்தால்தான் பெரியவள் சின்னவளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். ஒவ்வொரு அணியும் தன் தலைவியைத் தானே தேர்ந்தெடுக்கட்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளையை நீங்கள் நியமித்தால் அது வகுப்பு லீடர் பதவியாகிவிடும். மாதம் ஒரு முறை அந்த நான்கு தலைவிகளும் உங்களோடு அரைமணி நேரம் உட்கார வேண்டும். அடுத்த மாதம் என்ன செய்வது, எந்த அணி எதற்குப் பொறுப்பு, கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை அவர்கள் பேசி முடிவெடுத்து, ஒருத்தி நோட்டில் எழுத வேண்டும். பாதுகாப்புக்கோ பணத்துக்கோ ஒத்துவராது என்றால் நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். பிடிக்கவில்லை, இது சரியாக வராது என்று உங்களுக்குத் தோன்றுகிறது என்பதற்காக மறுக்கக் கூடாது. அவர்கள் போட்ட திட்டம் பாதியில் சொதப்பினால் சொதப்பட்டும், அடுத்த கூட்டத்தில் அவர்களே அதைப் பேசிச் சரிசெய்வார்கள்.

ஆனால் ஒன்று. முதல் டெர்மிலேயே வெற்றுத் தாளை நீட்டி "என்ன வேண்டும், சொல்லுங்கள்" என்றால் பதில் வராது. நம் வீடுகளில் பெண்பிள்ளைகளிடம் யாரும் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை. பெரியவர் முகத்தைப் பார்த்து, அவருக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்வார்கள். அதனால் முதலில் மூன்று தேர்வுகள் கொடுத்து அவற்றில் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது டெர்மில் தேர்வுகளையும் அவர்களே கொண்டுவரட்டும். அப்புறம் நீங்கள் ஒரு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும்.

வாராந்தரக் கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் சரியான அளவு. ஓடியாடும் விளையாட்டு ஒன்று, அணிகள் தனியாகக் கூடிப் பேசக் கொஞ்ச நேரம், கையால் செய்யும் ஒரு வேலை, கடைசியில் பாட்டு. தமிழ்ப் பள்ளி நேரத்தோடு மோதாமல் வையுங்கள். தமிழா கைட்ஸா என்று பிள்ளையைத் தேர்வு செய்ய வைப்பது நியாயமில்லை. ஜூன், ஜூலையில் மாலை 5 மணி வாக்கிலேயே இருட்டிவிடுவதால், டாக்ஸியில் வீடு திரும்பும் பிள்ளைகளை நினைத்து முடிக்கும் நேரத்தை முன்னுக்குத் தள்ளுங்கள்.

கற்றுக்கொடுக்கும் விஷயங்களில், டர்பன் பிள்ளைக்கு நாளைக்கே உதவக்கூடியவற்றை முன்னால் வையுங்கள். தீப்புண் பட்டால் பற்பசையும் வெண்ணெயும் தடவுகிற வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும் என்பதை ஒரு பிள்ளை கற்றுக்கொண்டு போனால் அந்த வீடே கற்றுக்கொள்ளும். கடலில் இழுப்பு நீரில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாமல், மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும், முடிந்தால் கரைக்குப் பக்கவாட்டாக நீந்தி வெளியே வர வேண்டும். பாம்பு கடித்தால் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது, அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மாம்பாவும் விஷம் துப்பும் நாகமும் நம் ஊர்த் தோட்டங்களுக்கே வந்துபோகின்றன, ஆகவே இது வெறும் பாடமல்ல. இவற்றை நடித்துப் பார்க்க வைத்தால் மறக்காது. இணையப் பாதுகாப்புக்கு உலகக் கைட்ஸ் சங்கத்தின் 'சர்ஃப் ஸ்மார்ட்' பாடத்திட்டம் இருக்கிறது. உடலைப் பற்றிய தாழ்வு எண்ணத்தைப் பேசுவதற்கு 'ஃப்ரீ பீயிங் மீ' இருக்கிறது. நிறத்தைச் சொல்லியே பெண்பிள்ளையை எடைபோடும் பழக்கம் நம்மிடையே எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பாடத்தின் எடுத்துக்காட்டுகளை விட்டுவிட்டு, கல்யாண வீட்டில் பெரியம்மாக்கள் பேசும் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் நிறுத்தாமல் பேசுவார்கள்.

வெளியில் சமைப்பது எப்போதும் பிடிக்கும் நிகழ்ச்சி. மூன்றுகால் இரும்புப் பானை ஒன்றை யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். அணிக்கு ஒரு தொகை கொடுத்து, என்ன சமைப்பது, என்ன வாங்குவது என்பதைக் கடையில் அவர்களே முடிவெடுக்கட்டும். பீன்ஸ் கறியும் புத்துவும் (மக்காச்சோள மாவில் கிண்டுவது) செய்யும் அணியும் இருக்கும், பாதி வெந்த சோற்றைச் சிரித்துக்கொண்டே சாப்பிடும் அணியும் இருக்கும். அம்மாக்கள் பக்கத்தில் வந்து உப்புப் பார்க்காமல் தடுப்பதுதான் அன்றைக்கு உங்கள் முழு வேலை.

நாட்களுக்கு வருகிறேன். கைட்ஸ் உலகத்தில் பெரிய நாள் பிப்ரவரி 22, உலகச் சிந்தனை நாள். பேடன்-பவல், அவர் மனைவி ஒலேவ் இருவருக்கும் அதுதான் பிறந்தநாள். 1926-ல் அமெரிக்காவில் நடந்த உலக மாநாட்டில் இந்த நாளைக் குறித்தார்கள். மற்ற நாட்டுக் கைட்ஸ் பிள்ளைகளுக்காகச் சிறு காசு சேர்க்கும் பழக்கம் 1932-ல் வந்தது. எல்லாக் குழுக்களும் மெழுகுவர்த்தி ஏற்றி, பிற நாட்டு உணவு, உடை, பாட்டு என்று கொண்டாடுவார்கள். செய்யுங்கள், நன்றாக இருக்கும். ஆனால் அதே பிப்ரவரி 22-க்குத் தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பிள்ளைகளிடம் சொல்ல இன்னொரு பெயர் இருக்கிறது.

தில்லையாடி வள்ளியம்மை ஜோஹன்னஸ்பர்க்கில் 1898 பிப்ரவரி 22-ல் பிறந்தவள். ஒப்பந்தக் கூலி முடிந்தவர்கள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரியையும், நம் முறைப்படி நடந்த கல்யாணங்கள் செல்லாது என்ற 1913-ஆம் வருடத் தீர்ப்பையும் எதிர்த்து நடந்த சத்தியாகிரகத்தில் தன் தாயோடு சேர்ந்தாள். மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் இருந்தபோது காய்ச்சல் கண்டது. வெளியே வந்த சில நாட்களில், 1914 பிப்ரவரி 22-ல், தன் பதினாறாவது பிறந்தநாளன்றே இறந்தாள். சிறைக்குப் போனதற்காக வருந்துகிறாயா என்று கேட்டபோது, இப்போது கைதுசெய்தாலும் மறுபடி போகத் தயார் என்று அவள் சொன்னதாகக் காந்தி எழுதியிருக்கிறார். பிராம்ஃபான்டைன் கல்லறைத் தோட்டத்தில் அவளைப் புதைத்திருக்கிறார்கள்.

உங்கள் குழுவில் மூத்த பிள்ளையைவிட இரண்டே வயது கூடியவள். இந்தக் கதையை நீங்கள் சொற்பொழிவாகச் சொல்ல வேண்டாம். இரண்டு வாரம் முன்பே ஓர் அணியிடம் கொடுத்து, அவர்களே தேடிப் படித்து நாடகமாகவோ வில்லுப்பாட்டாகவோ படமாகவோ செய்யட்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஒரு மணி நேரப் பயணம்தான். 1893-ல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட அந்த நிலையத்தையும் பார்த்துவிட்டு வரலாம். அன்றைய பேச்சில் ஒரு கேள்வியை மட்டும் நீங்கள் வைக்கலாம்: இன்றைக்கு எது நியாயமில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது? பதில்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடத்தின் சேவை நிகழ்ச்சிகளுக்கு விதை அதில் கிடைக்கும்.

மற்ற நாட்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூன் 16 இளைஞர் நாள், 1976-ல் சொவேட்டோ மாணவர்கள் எழுந்த நாள். ஜூலை 18 மண்டேலா நாளன்று, அவர் பொதுவாழ்வில் இருந்த 67 வருடங்களை நினைத்து 67 நிமிடச் சேவை. ஆகஸ்ட் 9 மகளிர் நாள், 1956-ல் ஏறக்குறைய 20,000 பெண்கள் கறுப்பினத்தவர் எப்போதும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்து பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகமான யூனியன் பில்டிங்ஸுக்கு நடந்துபோனதன் நினைவு. முன்னால் நடந்த நால்வரில் ரஹிமா மூசா இந்திய வம்சாவளிப் பெண் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். செப்டம்பர் முதல் வாரம் மரம் நடுதல், அதே மாதம் 24 பாரம்பரிய நாள், அக்டோபர் 11 உலகப் பெண்குழந்தை நாள், நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை பெண்கள் மேலான வன்முறையை எதிர்க்கும் பதினாறு நாட்கள். இத்தனையையும் ஒரே வருடத்தில் செய்யாதீர்கள். தலைவிகள் கூட்டம் மூன்றோ நான்கோ எடுத்தால் தாராளம். தைப்பூசக் காவடி, ஆடியில் கூழ் ஊற்றுவது, புரட்டாசி விரதம், தமிழ் ஐஸ்டெட்ஃபோட் (கலைப் போட்டி) எல்லாவற்றையும் அதே காலண்டரில் முதலிலேயே குறித்துவிடுங்கள், இல்லையென்றால் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் நான் விடாமல் செய்யச் சொல்வேன். நவம்பர் 16, 1860-ல் ட்ரூரோ கப்பல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த நாள். அதற்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு பிள்ளையும் ஆயாவிடமோ தாத்தாவிடமோ உட்கார்ந்து, நம் குடும்பத்திலிருந்து முதலில் வந்தது யார், எந்தத் தோட்டம், எந்த பாரக்ஸ் (கூலிகளின் வரிசைக் குடியிருப்பு), என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதட்டும். 1860-க்கும் 1911-க்கும் இடையில் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்த ஏறக்குறைய 1,52,000 ஒப்பந்தக் கூலிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்திருந்தார்கள். கப்பல் பட்டியல்களில் பெயர், வயது, ஊர், சாதி, உடம்பிலுள்ள அடையாளம் வரை இருக்கும். வீட்டில் பழைய காகிதம் ஒன்றில் அந்த எண் கிடைத்துவிட்டால் தேடுவது எளிது. டர்பனில் 1860 பாரம்பரிய மையம் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பிள்ளைகளை அழைத்துப் போங்கள். நம் குடும்பத்துக்கு வந்த முதல் பெண் தனியாகவே கப்பல் ஏறினாள் என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்தால், அன்றைக்கு அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சே வேறாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சீருடை போட்ட பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்தவுடன் எல்லோரும் கூப்பிடுவார்கள். விழாவில் தாம்பாளம் ஏந்த, விருந்தினருக்கு மாலை கொடுக்க, சாப்பாடு பரிமாற, அரசியல்வாதி பேசும்போது பின்னால் வரிசையாக நிற்க. அதற்குச் சேவை என்று பெயர் வைத்துவிடுவார்கள். தம்பிகள் வெளியே கிரிக்கெட் ஆடும்போது இவர்கள் தட்டுக் கழுவுவதற்கு கைட்ஸ் சீருடை எதற்கு? கோவிலுக்குச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காவடியன்று ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும் இடத்தில் தண்ணீர்ப் பந்தல், முதலுதவி மேசை, தொலைந்த குழந்தைகளுக்கான மேசை, இந்த மூன்றையும் உங்கள் பிள்ளைகள் திட்டம் போட்டு நடத்தட்டும். வரைபடம் போடுவது, முறை மாற்றுவது, கோவில் கமிட்டியோடு பேசுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கமிட்டித் தலைவர் உங்களிடம் பேச வந்தால், "தலைவி அவள்தான், அவளிடம் கேளுங்கள்" என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் காட்டுங்கள்.

கோவில் மண்டபம் பற்றி. வாடகை இல்லாமல் கிடைப்பது பெரிய விஷயம்தான். ஆனால் மாதவிடாய் நாட்களில் வரலாமா என்ற கேள்வி நிச்சயம் எழும். யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், பிள்ளை சத்தமில்லாமல் வராமல் இருந்துவிடும். இந்த வயதுக் குழுவில் மாதா மாதம் சிலர் அப்படி நின்றால், நிகழ்ச்சித் திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பயன்? கமிட்டியோடு முன்னதாகவே தெளிவாகப் பேசுங்கள். கூட்டம் நடக்கும் மண்டபம் சன்னிதிக்குச் சேர்ந்ததில்லை, எல்லாப் பிள்ளைகளும் எல்லா வாரமும் வருவார்கள் என்று அவர்கள் ஒப்புக்கொண்டால் சரி. தயங்கினால் பள்ளிக்கூட அறையோ சமூகக் கூடமோ பாருங்கள். எந்தப் பிள்ளையும் ஏன் வரவில்லை என்று காரணம் சொல்ல நேரக் கூடாது. கழிப்பறையில் எப்போதும் பேட் இருக்கட்டும். 2019 ஏப்ரல் 1 முதல் பேடுக்கு வாட் வரி இல்லை என்றாலும் வாங்க முடியாத வீடுகள் நம் ஊரிலேயே உண்டு. துவைத்துப் பயன்படுத்தும் துணி பேட் தைப்பதை ஒரு நாள் நிகழ்ச்சியாக வைத்தால் தையலும் வரும், கூச்சமும் போகும்.

இடம் மாறினால் இன்னொரு நன்மையும் உண்டு. தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் இல்லாமல் மற்றவர்களும் வர முடியும். நம் நாட்டில் இந்த இயக்கத்துக்கே ஒரு பழைய காயம் இருக்கிறது. கறுப்பினப் பெண்பிள்ளைகளைச் சேர்க்காததால் 1925-ல் அவர்களுக்காக வேஃபேரர்ஸ் என்ற தனிச் சங்கம் உண்டானது. 1936-ல்தான் கைட்ஸோடு இணைந்தது, அப்போதும் இனவாரிப் பிரிவுகள் இருந்தன. பிறகு குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து சாட்ஸ்வொர்த்தை இந்தியருக்கும், பக்கத்திலேயே உம்லாஸியைக் கறுப்பினத்தவருக்கும் என்று வைத்தது. அந்தக் கோடு பிள்ளைகளின் வாழ்க்கையில் இன்னும் அழியவில்லை. 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு சில வீடுகளில் பயம் கூடியும் இருக்கிறது. உம்லாஸிப் பக்கம் ஒரு குழுவைத் தேடி, டெர்முக்கு ஒரு முறையாவது சேர்ந்து கூடுங்கள். மேடையில் அவர்கள் ஸூலு நடனமும் நாம் பரதநாட்டியமும் ஆடிவிட்டுப் பிரிந்து போவதால் ஒன்றும் நடக்காது. அணிகளைக் கலந்துவிட்டு, ஒரே பானையில் சமைக்க விடுங்கள். ஒருத்திக்கு ஹலால், ஒருத்திக்குப் புரட்டாசி, ஒருத்திக்கு இறைச்சி இல்லாமல் இறங்காது. என்ன சமைப்பது என்று அவர்கள் பேசித் தீர்க்கும் அந்த அரைமணி நேரம்தான் நிகழ்ச்சி.

முகாம் விஷயம். பெற்றோர் மறுப்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நாட்டில் பெண்பிள்ளையை இரவு வெளியே விடப் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. படிப்படியாகப் போங்கள். முதலில் சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகத்தில் காலை முதல் மதியம் வரை ஒரு நடை. சாட்ஸ்வொர்த் பக்கத்திலேயே இருக்கிறது, மூலிகை நாற்றுப்பண்ணையும் உண்டு. அடுத்தது, வழக்கமாகக் கூடும் கூடத்திலேயே ஓர் இரவு தங்கல். அதற்கப்புறம் ஒரே ஓர் இரவு முகாம். இடத்தை முடிவு செய்ததும் அம்மாக்களை, ஆயாக்களை, வர விரும்பும் அப்பாக்களைப் பகலில் அழைத்துப்போய்க் காட்டுங்கள். எங்கே படுப்பார்கள், கழிப்பறை எவ்வளவு தூரம், கதவு எப்படிப் பூட்டும், இரவு எந்த லீடர் விழித்திருப்பார், காவலுக்கு யார், அருகில் எந்த ஆஸ்பத்திரி, இவைதான் அவர்கள் மனதில் இருக்கும் கேள்விகள். கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். பிள்ளைகள் தாங்களே தயாரித்த திட்டத்தைப் பெற்றோர் முன் எடுத்துச் சொல்லும்படி ஒரு மாலைக் கூட்டம் வைத்தால் இன்னும் நல்லது. "விடமாட்டேன்" என்று உறுதியாக இருந்த அப்பா, தன் மகள் எழுந்து நின்று செலவுக் கணக்கை வாசிப்பதைக் கேட்ட பிறகு யோசிக்கத் தொடங்குவார். அப்போதும் ஒருவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். பகலில் வந்து மாலையில் திரும்ப அந்தப் பிள்ளைக்கு வழி செய்யுங்கள்.

நம் பக்கம் மழையும் இடியும் கோடையில்தான், அதனால் முகாமுக்கு ஜூன், ஜூலை குளிர்கால விடுமுறை நல்லது. இரவு குளிரும், ஆளுக்கு ஒரு கம்பளி கூடுதலாக வேண்டும். புல்லில் நடந்த பிறகு உண்ணி இருக்கிறதா என்று உடம்பைப் பார்க்கப் பழக்குங்கள்.

பணத்துக்குப் பிரியாணி டிக்கெட்தான் நம் ஊருக்குப் பழகிய வழி. முன்கூட்டியே டிக்கெட் விற்று, எத்தனை பொட்டலம் என்று தெரிந்த பிறகு சமைப்பதால் நஷ்டம் வராது. ஆனால் அம்மாக்கள் சமைத்து, அப்பாக்கள் விற்று, பிள்ளைகள் சாப்பிடுவதாக ஆகிவிடக் கூடாது. ஒரு பொட்டலத்துக்கு என்ன செலவு, என்ன விலை வைக்கலாம், என்ன மிஞ்சும் என்பதைப் பிள்ளைகள் கணக்கிட்டு, டிக்கெட் எண்களையும் அவர்களே எழுதி வைக்கட்டும்.

இப்போது லீடர்கள். உங்கள் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது, ஏனென்றால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. குழுக்கள் மூடுவது பிள்ளைகள் இல்லாமல் அல்ல, லீடர் களைத்துப்போவதால். இருபது பிள்ளைகளுக்கு இரண்டே பேர் என்பது ஆபத்தான அளவு. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்குக் கூட்டமே கிடையாது, ஏனென்றால் எந்தப் பெரியவரும் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது. மூன்றாவது, நான்காவது ஆளை இப்போதே தேடுங்கள். குழுவில் மகள் இல்லாதவர்களையும் கேளுங்கள். ஓய்வுபெற்ற நர்ஸ், பல்கலைக்கழக மாணவி, வங்கியில் வேலை செய்யும் பெண். மகளுக்காக வருபவர் மகள் நின்றதும் நின்றுவிடுவார். பதினாலு வயது தாண்டி ரேஞ்சர் ஆகும் பிள்ளைகளை உதவிக்கு வைத்துக்கொண்டால் நாளைய லீடர் வீட்டிலேயே தயாராகிவிடுகிறாள்.

லீடர்களுக்கு டெர்முக்கு ஒரு நாளாவது பிள்ளைகள் இல்லாமல் கூடும் நாள் வேண்டும். மெரீபேங்க், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கங்களில் குழு நடத்துபவர்கள் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதி நேரம் நடைமுறை: கூடாரம் போடுவது, தீ மூட்டுவது, முதலுதவிச் சான்றிதழைப் புதுப்பிப்பது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் எதையும் லீடர் ஒரு முறை தன் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும். மீதி நேரம் பேச்சு: எந்தப் பிள்ளை ஒதுங்கி உட்காருகிறாள், எந்த வீட்டில் பிரச்சினை, யாருக்கு எதில் சலிப்பு. உலகச் சங்கத்தின் தலைமைப் பயிற்சி ஆறு மனப்போக்குகளைப் பற்றிப் பேசுகிறது. தன்னைத் தானே கவனித்துப் பார்ப்பது, சேர்ந்து வேலை செய்வது, புதிதாகவும் கேள்வி கேட்டும் யோசிப்பது, பொறுப்போடு செயல்படுவது, ஆண் பெண் சமத்துவம், தன்னைச் சுற்றியிருக்கும் உலகத்தைப் புரிந்துகொள்வது. ஒரு கூட்டத்துக்கு ஒன்று என்று எடுத்துப் பேசினால் நல்ல உரையாடல் வரும். முதலாவது நம் பெண்களுக்கு மிகக் கடினம். நீ எப்படி இருக்கிறாய் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

கொஞ்சம் பெரிய கனவும் வைத்துக்கொள்ளுங்கள். உலகக் கைட்ஸ் மையங்களில் 'சங்கம்' என்ற பெயருள்ளது இந்தியாவில் புனேயில் இருக்கிறது, 1966-ல் திறந்தது. குசாஃபிரி என்பது ஆப்பிரிக்காவுக்கான மையம், நிலையான கட்டடம் இல்லாமல் நாடுநாடாக நிகழ்ச்சி நடத்துகிறது. லீடர்களும் ரேஞ்சர்களும் இவற்றின் பயிற்சிகளுக்குப் போக முடியும். இன்றைக்குப் பதிமூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்லி வைத்தால் அவளுக்கே பணம் சேர்க்கத் தோன்றும்.

கடைசியாகச் சட்டம். புதிதாக வரும் லீடர், முகாமுக்கு வரும் உதவியாளர், வண்டி ஓட்டுபவர், பிள்ளைகளோடு பழகும் எவராக இருந்தாலும், 2005-ஆம் வருடத்துக் குழந்தைகள் சட்டப்படி தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் பி பகுதியில் (பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் பட்டியல்) பெயர் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அதற்கு 30-ஆம் எண் படிவம், சமூக வளர்ச்சித் துறைக்கு அனுப்ப வேண்டும். பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டை நீதித்துறை தனியாக வைத்திருக்கிறது, அதையும் பாருங்கள். "அவர் எனக்கு அண்ணன் மாதிரி, கோவிலில் முப்பது வருடமாகப் பார்க்கிறேன்" என்று யார் சொன்னாலும் விதிவிலக்கு வேண்டாம், உங்களிலிருந்தே தொடங்குங்கள். ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதை லீடர்கள் எல்லோரும் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசி, சைல்ட்லைனின் இலவச எண் 116 என்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை அணிகளைப் பிரித்துத் தேர்தலை வைத்துவிடுங்கள். அதற்கடுத்த வாரமே தலைவிகளின் முதல் கூட்டம். படிவத்துக்குப் பதில் வர நாளாகும், அதனால் அதை இந்த வாரமே அனுப்புங்கள்.